‘கா’ போட்ட ஐந்து பெயர்கள்

அடையாறு,
கார்த்திகை 19, வெள்ளிக்கிழமை.

அந்தமானில் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் என் மருமகன் பாரத்துக்கு,

உன் தாய்மாமன் தேசப்பன் நல்ல உடம்போடும் தெளிந்த புத்தியோடும் எழுதுகிறேன். தெளிந்த புத்தி என்பதைக் கோடு போட்டுப் படித்துக்கொள். இதற்குப் பதிலை எழுது, அல்லது நேரில் வா. போன் மட்டும் செய்யாதே. போன் வந்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன். ராஜகோபாலன் சார் அந்தப் பதிவேட்டை என் கையில் கொடுத்த அன்றே, சார், இது சாதாரண நோட்டு இல்லை, இதில் என்னமோ இருக்கிறது என்று சொன்னேன். ஆட்டோ சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. ஆனால் சொன்னேன். கேட்டால் அடையாறில் பாதிப் பேர் சாட்சி சொல்வார்கள். பாதி இல்லாவிட்டாலும் எதிர் டீக்கடைக்காரர் சொல்வார்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். நீ கிரிக்கெட் ஆடி என் மண்டையை உடைத்தாயே, கால்வாய் ஓரத்துக் காலி மனை, அது மாநகராட்சி இடம். குப்பையை எல்லாம் வாரிவிட்டு, நீ கப்பல் ஏறின வருடம் அதைத் தோட்டமாக்கினார்கள். மொத்தம் முப்பது பாத்தி. ஒவ்வொன்றும் பத்தடிக்கு எட்டடி. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு பாத்தி. கீரை, வெண்டை, கத்தரி, என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சும்மா கிடக்கும் இடம்தானே என்று முதலில் யாரும் சீண்டவில்லை. இப்போது தி. நகர், கே.கே. நகர், மந்தைவெளியிலிருந்து எல்லாம் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காத்திருப்போர் பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். பெரிய பெரிய டாக்டர்கள் என்னைப் பார்த்தால் ஸ்கூட்டரை நிறுத்தி வணக்கம் சொல்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

நான் அங்கே காவல்காரனாகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஆடி மாதத்திலிருந்து செயலாளரும் நான்தான். ராஜகோபாலன் சார் மயிலாப்பூர்க்காரர், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு வருடம் அந்தப் பதிவேட்டை முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார். மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் கிளம்பியபோது கமிட்டியில் ஒருத்தரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் பாத்தி வேண்டும், திட்டு வாங்க ஆள் வேண்டாம். நான் கை நீட்டினேன். எட்டாம் வகுப்புதான், ஆனால் அந்தக் காலத்து எட்டு.

உன் அம்மாவின் பெயர் அதில் அறுபத்தொன்றாவது. கெங்கம்மா, மீன் வியாபாரம் என்று சாரே எழுதியிருந்தார். உன்னிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள். நாற்பது வருடம் கூடை தூக்கினவளுக்கு மண் மேல் என்ன ஆசை என்று நானும் கிண்டல் செய்தேன். அதற்கு அவள், நம்ப ஆளுங்களுக்கு எல்லாம் கடல்லதான்ண்ணே, கடலுக்கு ஏது வேலி, எனக்குன்னு நாலு குச்சி நட்டு ஒரு கயிறு கட்டி, இது என்துன்னு ஒரு நாளாவது நின்னு பார்க்கணும் என்றாள். அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை.

ஆவணியில் நாலு பாத்தி காலியாயிற்று. அடுத்தது யார் என்று பார்க்கப் பதிவேட்டைப் பிரித்தேன். சில பெயர்களுக்கு எதிரே பென்சிலில் சின்னதாக ‘கா’ என்று போட்டு ஒரு புள்ளி வைத்திருந்தது. கா என்றால் காத்திருப்பவர். இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா. மற்றவர்கள் ஆசைப்பட்டு எழுதிவிட்டு மறந்துபோனவர்கள், இந்தக் கா போட்டவர்கள்தான் உண்மையாகக் காத்திருப்பவர்கள், சார் விசாரித்து அடையாளம் வைத்திருக்கிறார் என்று நான் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டில் நாலே நாலு கா. அதோடு நான் ஒரு காரியம் செய்தேன். உன் அம்மா பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. அவள் விட்டுப்போகக் கூடாதே என்று என் பால்பாயிண்ட் பேனாவால் அவளுக்கும் ஒரு கா போட்டேன். ஆக ஐந்து.

நாலு பேருக்கும் கார்டு போட்டேன். பாத்தி ஒதுக்கியாயிற்று, வந்து வேலை தொடங்கவும், இப்படிக்குச் செயலாளர். வாசல் பலகையிலும் ஐந்து பெயரை வரிசையாக எழுதி ஒட்டி, வார்டு ஆபீசில் சீல் வாங்கினேன். நாலு பேருக்கு உடனே, ஐந்தாவது கெங்கம்மாவுக்கு அடுத்து காலியாகும் பாத்தி, தை முதல் தேதி முதல். அந்தப் பலகையை உன் அம்மா எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தாள்.

திங்கட்கிழமை கார்டு போட்டேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கேட்டைத் திறக்கிறேன், நாலு பாத்தியும் கொத்தி, கட்டி உடைத்து, விதை போட்டு, தண்ணீர் விட்டுக் கிடக்கிறது. சாவி என் இடுப்பில். சுவர் ஏழடி. சரி, எட்டடி என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏழுதான். ஏறிக் குதித்தவன் கீரை விதைத்துவிட்டா போவான்? பெரிய மனிதர்கள், யாரோ ஆள் வைத்துச் செய்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாளில் எல்லாம் முளைத்து நின்றது. ஐந்தாவது பாத்தியில் மந்தைவெளி வெங்கடரமணன் பெயரில் முளைக்கீரை, நூல் பிடித்த மாதிரி வரிசை. பக்கத்தில் ராயப்பேட்டை வஜீஹா பெயரில் புதினா. மற்ற இரண்டில் வெண்டையும் கொத்தவரையும். ஒரு களை இல்லை. ஒரு பூச்சி இல்லை. காக்கா எல்லாப் பாத்தியிலும் இறங்கும், இந்த நாலில் இறங்காது. நான் சோறு வைத்துப் பார்த்தேன். வரப்பு வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஒன்று சொல்கிறேன், இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒரு சாண் வளர்ந்த பிறகு அவை வளரவே இல்லை. ஆவணியில் ஒரு சாண், புரட்டாசியில் ஒரு சாண், இன்று காலையிலும் ஒரு சாண். வாடவில்லை, பூக்கவில்லை, முற்றவில்லை. ஐப்பசி மழையில் மற்ற பாத்தியெல்லாம் சாய்ந்து அழுகிற்று. இது நாலும் அப்படியே நின்றது. ஏதோ ஒன்றுக்காக நிற்கிற மாதிரி நின்றது.

புரட்டாசியில்தான் ஹஸன் அந்தப் பலகையைப் படித்தான். ஹஸன் பாண்டி பஜாரில் தையல் கடை வைத்திருப்பவன், மூன்றாவது பாத்தி அவனுடையது, ஞாயிறு மட்டும் வருவான். படித்துவிட்டு என்னிடம் வந்து, இன்னா நைனா, எங்க பெரியம்மா பேரைப் போட்டுக்கீறே என்றான். யாரப்பா உன் பெரியம்மா என்றேன். வஜீஹா, ராயப்பேட்டை, மௌத்தாயி, அடக்கம் பண்ணி மூணு வருசம் ஆவுது, நீ யாருக்குக் கார்டு போட்டே, அந்த வூட்டையே இடிச்சி அபார்ட்மெண்ட் கட்டிக்கினு கீறானுங்க என்றான். வீடு இல்லை என்றால் கார்டு என் விலாசத்துக்குத் திரும்பி வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. நாலில் ஒன்றும் வரவில்லை. ஹஸன் புதினாவில் ஒரு இலை கிள்ளி மோந்து பார்த்தான். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையும் அவன் வருவது குறைந்துவிட்டது.

நான் ராஜகோபாலன் சாருக்குப் போன் செய்தேன். சார், நீங்கள் கா போட்டிருக்கிறீர்களே, அது காத்திருப்பவர்தானே என்றேன். அவர் என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அப்புறம், தேசப்பா, கா-ன்னா காலமானார்டா, விசாரிச்சுண்டு போனப்போ ஆத்துல சொன்னா, செத்தவா பேரைக் கோடு போட்டு அடிக்க மனசு வரலை, அதனால ஓரமா பென்சில்ல ஒரு கா போட்டு வெச்சேன், நாலு பேருக்குத்தான் போட்டேன், நீ என்ன பண்ணித் தொலைச்சே என்றார். ஒன்றும் இல்லை சார், சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன். நான் கூட்டிச் சொல்கிறவன்தான், ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்குக் குறைத்துச் சொல்லும்படி ஆயிற்று.

இந்த இடத்தில் நீ சிரிப்பாய். மாமா செத்தவர்களுக்குப் பாத்தி ஒதுக்கினார் என்று ஐஸ் கம்பெனி முழுக்கச் சொல்வாய். சொல்லிக்கொள். ஆனால் அடுத்ததைத் தனியாக இருந்து படி.

உன் அம்மா வியாபாரம் முடித்து நடுப்பகலில் தோட்டத்துக்கு வந்து, பைப் பக்கத்துக் கல்லில் காலை நீட்டி உட்காருவாள். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் நான் கதவடியில் இருந்து பார்க்கிறேன், அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். எதிரே ஆள் இல்லை. புதினாப் பாத்திதான் இருக்கிறது. யாரோடு பேச்சு என்றேன். அந்தப் புதினா அம்மாதான்ண்ணே, உனக்கு ஒரு வணக்கம் போட்டாங்க, நீ பாட்டுக்கு மொறைச்சுக்கினு போறே என்றாள். விளையாடாதே கெங்கா என்றேன். கீரைக்கார ஐயரும் கீறாரு, நாலு பேரும் டைமுக்கு வந்துடறாங்க, நீதான் செகரெட்ரின்னு பேரு, ஒரு நாளு நின்னு விசாரிச்சியா என்றாள். வெயில் சுளீர் என்று அடிக்கிறது. பைப் மூடியிருக்கிறது. மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. அந்த நாலு பாத்தியிலும் மண் அப்போதுதான் நனைந்த மாதிரி கறுத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு முட்டிவலி போய்விட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. குப்பத்தில் எல்லாரும் கெங்கம்மா பத்து வயது குறைந்துவிட்டாள் என்கிறார்கள். படி ஏறுகிறாள், இறங்குகிறாள், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். மீன் வாசம் ஆகவில்லை என்கிறாள். மீன்காரிக்கு. சோறு போட்டால் பிசைந்துவிட்டு எழுந்துகொள்கிறாள். அந்தப் புதினாவை மட்டும் கிள்ளி மெல்லுகிறாள். தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. போன வாரம் மழை விட்ட பிறகு இரண்டு பேரும் தோட்டத்துக்குள் நடந்தோம். திரும்பிப் பார்க்கிறேன், சேற்றில் என் கால் ஒரு விரற்கடை புதைந்து கிடக்கிறது. பக்கத்தில் அவள் கால் பதிந்த இடம் தெரியவில்லை. குனிந்து தேடினேன் பாரத். சத்தியமாகக் குனிந்து தேடினேன்.

பதினேழாவது பாத்திக்காரர் பெங்களூருக்குப் போய்விட்டார். அதுதான் உன் அம்மாவுக்கு. தை முதல் தேதி அவள் பெயருக்கு மாறுகிறது, பலகையில் சீலோடு இருக்கிறது. கமிட்டியிடம் போய் அந்தப் பெயரை எடுங்கள் என்று கேட்டேன். காரணம் சொல் என்றார்கள். சொன்னேன். சாப்பிட்டு வந்தாயா, வேறு ஏதாவது போட்டு வந்தாயா என்று கேட்டார்கள். உன் அம்மாவிடமே, இந்த வருடம் வேண்டாம், வேறு ஆளுக்கு விட்டுக்கொடு என்றேன். அவள் கோபப்பட்டு நீ பார்த்திருக்கிறாய், இது அது இல்லை. மெதுவாகச் சொன்னாள். ஊர்ல கீறவனுக்கெல்லாம் அளந்து குடுத்தே, கூடப் பொறந்தவளுக்குன்னா கை நடுங்குதா, நீ குடுக்காட்டி போ, அவங்களே குடுத்துடறேன்னுட்டாங்க என்றாள். மறுநாள் போய்ப் பார்த்தால் பதினேழாவது பாத்தியின் நாலு மூலையிலும் குச்சி நட்டுப் புதுக் கயிறு கட்டியிருந்தது. நீயா கட்டினாய் என்றேன். நான் இன்னும் உள்ளே காலு வெக்கலைண்ணே, தை பொறக்கட்டும்னு கீறேன் என்றாள்.

எழுத்தால் வந்ததை எழுத்தாலேயே சரி செய்கிறேன் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். பேனாவில் போட்ட காவை அழிக்க முடியாது. ஆனால் நீட்ட முடியும். உன் அம்மா பெயருக்கு எதிரே இருந்த காவோடு சேர்த்து ‘காத்திறுக்கிறார்’ என்று முழுதாக எழுதி அடிக்கோடு போட்டேன். இனி யார் படித்தாலும் ஒரே அர்த்தம்தான். ஹஸனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தக் கலவரத்திலும் அவன், ரு சின்னதா வரணும் நைனா, நீ பெரிய று போட்டுக்கீறே என்று சிரித்தான். இருவரும் பார்த்துத்தான் பதிவேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். மறுநாள் நானும் அவனும் சேர்ந்துதான் திறந்தோம். மற்ற நாலு பெயருக்கு எதிரேயும் காத்திறுக்கிறார், காத்திறுக்கிறார் என்று இருந்தது. என் எழுத்து. என் பெரிய று. அடிக்கோடும் இருந்தது. ஹஸன் சிரிக்கவில்லை. யாருக்காக நைனா என்று மட்டும் கேட்டான். பதில் அவனுக்கும் தெரியும்.

இனி காரியத்துக்கு வருகிறேன். தோட்டத்துச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, இதைக் கண்டுபிடிக்க நான் மூன்று நாள் அச்சுத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒதுக்கீடு ஆனவர் தொடர்ந்து மூன்று மாதம் ஊரில் இல்லாவிட்டால் அவர் முறை போய்விடும், பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும். கடைசி என்றால் இருநூற்றுப் பதின்மூன்று. இந்த வேகத்தில் அது வர முப்பது வருடம் ஆகும். முப்பது வருடம் போதும் எனக்கு. ஆகவே தை பிறப்பதற்குள் நீ அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நான் சொன்னால் வரமாட்டாள். டிக்கெட் அனுப்பினாலும் ஏறமாட்டாள். நீ வந்து எதிரே நின்றால் எழுந்து வருவாள். லீவு இல்லை என்பாய். உங்கள் முதலாளிக்கு நான் கடிதம் எழுதட்டுமா? தமிழில் எழுதினாலும் என் கையெழுத்தைப் பார்த்தே அவர் லீவு கொடுத்துவிடுவார்.

வந்ததும் பாத்தியைப் பற்றி ஒன்றும் கேட்காதே. எனக்கு அங்கே சோறு இறங்கவில்லை, மூன்று மாதம் வந்து பொங்கிப் போடு அம்மா என்று மட்டும் சொல். நீ தட்டை நீட்டினால் அவள் மறுத்ததில்லை. கப்பலில் அழைத்துப் போகாதே, விமானத்தில் போ. மூன்று நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார வேண்டாம்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வேலையும் கொடுக்கட்டும். உன் ஆயுளில் பாதியை அம்மாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொள். என்னுடையதையும் எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று. இந்தக் கடிதத்தில் சுவரையும் டாக்டர்களையும் நான் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாம், அதை விடு. ஒன்றை மட்டும் முழுதாக இட்டுக்கட்டினேன். உன் அம்மா பெயருக்கு எதிரே கா போட்டது நான் என்று எழுதினேனே, நான் போடவில்லை. பதிவேட்டை வாங்கிய அன்று முதல் வேலையாக அவள் பெயரைத்தான் தேடிப் பார்த்தேன், அப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆவணியில் பிரித்தபோது பென்சிலில் சின்னதாக ஒரு கா இருந்தது. அன்று என் கண்ணில் படாமல் போயிருக்கும், சார்தான் என் தங்கைக்கு உதவி செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டுப் பலகையில் ஐந்தாவதாக எழுதினேன். சார் நாலுதான் போட்டேன் என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பிறகு ரப்பர் வைத்து அழித்தேன். அழிந்தது. மறுநாள் இருந்தது. ஏழு முறை அழித்துப் பார்த்துவிட்டுத்தான் அதை நீட்டி எழுதப் பேனாவை எடுத்தேன். நான் செய்த தப்பு என்றால் நானே சரி செய்துவிடலாம் அல்லவா, அதற்காகத்தான் உனக்கு அப்படி எழுதினேன். லீவுக்கு நாளைக்கே எழுதிக் கொடு, அப்பா.

உன் மாமன்,
தேசப்பன்